ஒரு கிலோகூட இருக்காது, அக்கா

கம்ப்யூட்டரின் சி.டி. தட்டு உள்ளே போனது, உடனே வெளியே வந்தது. கீறல் விழுந்த சி.டி.; அதற்குப் பிடிக்கவில்லை. பொத்தானை அழுத்தினேன். மறுபடி உள்ளே போய் மறுபடி வெளியே வந்தது. நாலாவது தடவை நான் சி.டி.யைப் பார்க்கவில்லை, தட்டைத்தான் பார்த்தேன். யாரும் தொடாமல், ஆட்டமில்லாமல், நேர்கோட்டில் ஒரு பொருள் நகர்கிறது. இதன்மேல் என் அரிசி வண்டை உட்கார வைத்தால் என்ன?

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பெங்களூர் லிங்கராஜபுரத்தில், மாடியில் ஒற்றை அறையில் இருந்தேன். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்க்கும் வேலை. விடுமுறை நாளில் என்னோடு வேலை செய்பவர்கள் சினிமாவுக்குப் போவார்கள். நான் அரிசி டப்பாவைத் திறந்து வண்டு பிடிப்பேன். அரிசி வண்டுக்கு யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு மூக்கு உண்டு. கடுகளவு உடம்பில் இருக்கும் அந்த மூக்கை நுனியிலிருந்து கண்வரை தெளிவாகப் படம் எடுத்துவிட வேண்டும் என்பதுதான் அப்போது எனக்கு இருந்த ஒரே வெறி.

அவ்வளவு நெருக்கத்தில் எடுக்கும்போது தெளிவாக விழும் பகுதி ஒரு தலைமுடியின் கனம்கூட இருக்காது. கண் தெளிந்தால் மூக்கு மங்கும், மூக்கு தெளிந்தால் கண் போய்விடும். இதற்கு ஒரே வழி, வண்டைக் கேமராவை நோக்கி இம்மி இம்மியாக நகர்த்தி அறுபது எழுபது படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவான கீற்றை மட்டும் பொறுக்கி ஒட்டுகிற மென்பொருளிடம் கொடுத்துவிடுவது. நகர்த்துவது என் விரல். விரல் ஓரிடத்தில் இரண்டு முறை நிற்கும், இன்னோரிடத்தில் தாவிவிடும். கடைசியில் வரும் படத்தில் வண்டின் மூக்கு ஈரக்கை பட்ட எழுத்து மாதிரி நடுநடுவே கலங்கியிருக்கும்.

அன்றைக்கே தட்டைக் கழற்றினேன். மத்தியானத்துக்குள் கம்ப்யூட்டரில் சி.டி. போடும் வசதி போயிற்று. தட்டு தாவிய தாவலில் வண்டும் எங்கோ தெறித்து விழுந்தது. ஆனால் எண்ணம் மட்டும் போகவில்லை. இப்படி நகர்த்துவதற்கென்றே யாராவது ஏதாவது செய்திருக்க வேண்டுமே என்று இன்டர்நெட்டில் தேடினேன். செய்திருந்தார்கள். மோட்டார் வைத்த ஸ்டேஜ் என்று அதற்குப் பெயர். இரும்புத் தண்டவாளம், அதன்மேல் ஒரு சின்ன மேடை, பின்னால் மோட்டார். மோட்டார் சுற்றச் சுற்ற மேடை ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பங்கு போட்டு நகரும். புதிதாக வாங்குவது என்றால் அந்தக் காசுக்கு ஒரு பைக் வாங்கிவிடலாம். மூன்று நாள் சோர்ந்துபோய்க் கிடந்தேன். நாலாம் நாள், அமெரிக்காவில் பழைய பொருட்களை ஏலம் விடும் தளம் ஒன்றைக் கண்டுபிடித்தேன்.

அங்கே பக்கம் பக்கமாக ஸ்டேஜ்கள். மூடிப்போன சிப் தொழிற்சாலைகளிலிருந்து கழற்றி எடுத்தவை. யாரோ ஒருவர் தன் சமையல் மேடையில் வைத்துப் படம் எடுத்துப் போட்டிருப்பார். பின்னால் ரொட்டி சுடும் மெஷின் தெரியும். ஆபீஸில் சாப்பாட்டு இடைவேளை பூராவும் அதையே பார்ப்பேன். பக்கத்து சீட்டுக்காரன் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் கல்யாண சைட்ல பொண்ணு பாக்குறானுங்க, நீ இரும்பு பாக்குற" என்றான். எனக்கு அதில் வருத்தமில்லை.

ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். கறுப்பு நிறம், உள்ளங்கை அகலம், ஒரு சாண் நீளம். விற்பவர் எழுதியிருந்த விவரத்தை மனப்பாடமாகச் சொல்வேன். ஓட்டிப் பார்க்கவில்லை, இருக்கிற நிலையில் விற்கிறேன். தண்டவாளத்தில் துரு இல்லை. எடை பத்து பவுண்டு. அமெரிக்காவுக்குள் மட்டும்தான் அனுப்புவேன்.

எடை பத்து பவுண்டு என்ற வரியைப் படித்தேன். மனசுக்குள் கிலோவாகவும் மாற்றிக்கொண்டேன். இதை இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வேறு யாரிடமும் இன்னும் சொல்லவில்லை.

அமெரிக்காவுக்குள் மட்டும் என்பது எங்களுக்கு ஒரு தடையே இல்லை. பெங்களூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருப்பவர்களுக்கு அது பழகிப்போன வழி. கம்பெனி வேலையாக யாராவது ஒருவர் அங்கே ஆன்சைட்டில் இருப்பார், யாராவது ஒருவர் திரும்பி வந்துகொண்டே இருப்பார். அவருடைய அங்கத்திய முகவரிக்குப் பொருளை அனுப்பச் சொன்னால் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிடுவார். கேமரா, லேப்டாப், செண்ட் பாட்டில், எல்லாம் அப்படித்தான் வந்தன. எழுதாத சட்டம் இரண்டு உண்டு. கேட்பவன் அளவையும் எடையையும் உள்ளபடி சொல்ல வேண்டும். கொண்டுவருகிறவர், இடம் போதாவிட்டால், அடுத்தவர் பொருளில் கைவைக்காமல் தன்னுடையதை எடுத்துவிட வேண்டும். இரண்டாவது சட்டத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

அப்போது எங்கள் டீமிலிருந்து அமெரிக்காவில் இருந்தவர் ஒரு அக்கா. என்னைவிட நாலைந்து வயது பெரியவர். லிங்கராஜபுரத்திலேயே பிறந்து வளர்ந்த கிறிஸ்தவக் குடும்பம்; என் அறையிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. ஆன்சைட் போவதற்கு முன் ஒரே ஆபீஸ் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில்தான் போய் வருவோம். நான் பூச்சிகளைப் பற்றிப் பேசிக்கொண்டே வருவேன். அவர் தூங்காமல் கேட்பார், அல்லது கண்ணைத் திறந்துகொண்டு தூங்குவார்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் செய்தி அனுப்பும் பெட்டியைத் திறந்தேன்.

"அக்கா, எப்போ ரிட்டர்ன்?"

"அடுத்த வாரம். ஏன், உனக்கும் சாக்லேட்டா?"

"ஒரு சின்ன கேமரா பார்ட். உங்க அட்ரஸுக்கு வரும். எடுத்துட்டு வர முடியுமா?"

"சின்னதுன்னா எவ்வளவு சின்னது? போன தடவ ஒருத்தன் சின்னதுன்னு சொல்லி கிட்டார் கொடுத்துவிட்டான்."

"டிபன் பாக்ஸ் சைஸ்தான்."

"வெயிட்?"

"ஒரு கிலோகூட இருக்காது, அக்கா."

விரல் தயங்கவே இல்லை. நாலரைக் கிலோ என்றால் முடியாது என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் அதுகூட உண்மையில்லை. சொல்லியிருந்தால் ஒரு பெருமூச்சு விட்டு, "சரி, பாக்குறேன்" என்றுதான் எழுதியிருப்பார். அந்தப் பெருமூச்சைக்கூட வாங்கிக்கொள்ள எனக்குப் பொறுமை இல்லை.

பார்சல் அவர் கிளம்புவதற்கு முந்தின நாள்தான் போய்ச் சேர்ந்தது. அதை எடை போட்டுப் பார்க்க அவருக்கு நேரமிருந்திருக்காது.

அக்கா திரும்பி வந்த மறுநாளே அவர் வீட்டுக்கு ஓடினேன். கதவைத் திறந்தவர் அவருடைய அப்பா. பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் கிரைண்டிங் மெஷினில் நின்று ஓய்வு பெற்றவர். ஆறடி உயரம். எதற்கெடுத்தாலும் ஒரு நக்கல்.

"வா வா. நீதான் பூச்சிக்காரனா? உன் சாமானுக்குத்தான் காவல் இருக்கேன்."

பார்சலைப் பிரிக்கும் உரிமையை அவரே எடுத்துக்கொண்டார். குமிழ் பிளாஸ்டிக்கைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தார். உள்ளேயிருந்து கறுப்புக் கட்டை வெளியே வந்ததும் அவர் முகத்திலிருந்த நக்கல் போய்விட்டது. மேடையைக் கட்டைவிரலால் மெதுவாகத் தள்ளினார். சத்தமில்லாமல் நகர்ந்தது.

"இன்னாபா இது, வெண்ணெய் மாதிரி போவுது. எங்க ஃபேக்டரியில ஒரு ஜெர்மன் மெஷின் வந்துச்சு. அதுக்குள்ள இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு. எங்கள கிட்ட விடமாட்டான் சூபர்வைசர். கன்னடத்துல 'தூர நில்லு குரு'ம்பான். இன்னிக்கு மடியில வச்சுக்கினு இருக்கேன் பாரு."

பிறகு அதை ஒரு கையில் ஏந்தி, லேசாக மேலும் கீழும் அசைத்தார். முப்பது வருஷம் இரும்பு தூக்கிய கை.

"நாலரை கிலோ."

அக்கா காபியோடு சமையலறை வாசலில் நின்றிருந்தார். "ஒரு கிலோன்னு சொன்னானே, டாடி."

"எவன் சொன்னான்? இதுல மோட்டாரே ஒரு கிலோ வரும்மா."

அக்கா என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. நான் பதில் சொல்வதற்குள் அவரே எனக்கு ஒரு வழி திறந்துவிட்டார். "விக்கிறவன் தப்பா போட்டிருந்தானா?"

"ஆமாக்கா. ஏமாத்திட்டான்."

"அதான பாத்தேன். ஏர்லைன் கவுண்டர்ல எடை அதிகமா காட்டுச்சு. பெட்டியத் திறந்து எதையாவது எடுன்னுட்டான். உன்னுது அடுத்தவங்க சாமான், அதை எப்படி எடுக்குறது? டாடி ஷூவத்தான் எடுத்தேன். பெட்டியிலேயே பெருசு அதுதான். ஏர்போர்ட்டுக்கு விட வந்த ஃப்ரெண்டுகிட்ட கொடுத்துட்டு வந்திருக்கேன். அவ கிறிஸ்துமஸுக்கு வருவா."

அந்த ஷூ எதற்கு என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அப்பாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது. கல் குத்தினாலும் தெரியாது, நெருப்புப் பட்டாலும் தெரியாது. இரண்டு பாதங்களையும் காகிதத்தில் வைத்துக் கோடு போட்டு எடுத்துக்கொண்டு போய், அங்கே ஒரு டாக்டரிடம் காட்டி, அந்த அளவுக்கே செய்து வாங்கிய ஷூ. அங்கே இருந்த எட்டு மாதத்தில் அக்கா அலைந்து வாங்கிய ஒரே பொருள் அதுதான், அதுவும் தனக்கில்லை.

"விடும்மா," என்றார் அப்பா. கண் இன்னும் ஸ்டேஜின் மேல்தான் இருந்தது. "கிறிஸ்துமஸுக்கு வரட்டும். காலு எங்க ஓடிப்போவுது?"

அந்த ஷூவைக் கூரியரில் வரவழைத்துவிடலாம் என்று அங்கேயே எனக்குத் தோன்றியது. சொன்னால் எடைப் பேச்சு மறுபடி கிளம்பும், யாராவது அந்த ஏலப் பக்கத்தைப் பார்க்கக் கேட்பார்கள் என்று பேசாமல் காபியைக் குடித்தேன். நாலரைக் கிலோவைத் தோளில் மாட்டிக்கொண்டு, நேரே அறைக்குப் போய், அந்த விற்பனையாளருக்குத் தளத்தில் பாராட்டு எழுதினேன். வாங்கியவர்கள் எழுத வேண்டும் என்பது அங்கே முறை. சொன்னபடியே இருந்தது, நேர்மையான மனிதர், தாராளமாக வாங்கலாம் என்று எழுதினேன். அரை மணிக்கு முன்புதான் அந்த மனிதரை ஏமாற்றுக்காரன் என்று சொல்லியிருந்தேன். இரண்டும் ஒரே ஆள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

மூன்று வாரம் கழித்து, பஸ்ஸில் அக்கா சொன்னார். "டாடிக்குக் கால்ல புண்ணு. மார்க்கெட்டுக்குப் பழைய ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டுப் போனாரு. ஒரு சின்ன ஆணி ஏறியிருக்கு. தெரியாமலே வீடு பூரா நடந்திருக்காரு. அம்மா தரையில ரத்தத்தைப் பாத்துட்டுத்தான் கண்டுபிடிச்சாங்க."

"ஐயோ. டாக்டர்கிட்ட காட்டினீங்களாக்கா?"

"காட்டியாச்சு. தெனம் கட்டு மாத்துறாங்க."

நான் வருத்தப்பட்டேன். பொய்யாக இல்லை, நிஜமாகவே வருத்தப்பட்டேன். ஆனால் அன்று சாயங்காலம் பஸ்ஸிலிருந்து பாதியிலேயே இறங்கி எஸ்.பி. ரோடுக்குப் போனேன். மோட்டாரை ஓட்டும் சர்க்யூட்டுக்கு வேண்டிய சில்லுகள் கடை மூடுவதற்குள் வாங்க வேண்டியிருந்தது. அவர் வீட்டுக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. பிரிண்டர் மாட்டுகிற சொருகியில் கம்பியைப் பிரித்து மாட்டி, கம்ப்யூட்டரே மோட்டாருக்குக் கட்டளை கொடுக்கும்படி ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். முதலில் மோட்டார் உறுமியது, சுற்றவில்லை. பிறகு சுற்றியது, எதிர்ப்பக்கம். ஒவ்வொன்றையும் சரிசெய்யும்போது அப்படியொரு சந்தோஷம். நடுவில் எப்போதாவது அந்தக் கால் ஞாபகம் வரும். 'இதை முடித்துவிட்டுப் போய்ப் பார்க்கலாம்' என்று ஒதுக்குவேன். அக்கா பஸ்ஸில் சில நாள் வரவில்லை. லீவு போலிருக்கிறது என்று ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

ஒரு ஞாயிறு காலை எல்லாம் கூடி வந்தது. புது அரிசி வண்டு, குண்டூசி முனையில். மேடை ஓர் இம்மி நகரும், இரண்டு நொடி அசையாமல் நிற்கும், கேமரா தானே கிளிக் என்னும். மறுபடி ஓர் இம்மி. கையைக் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து எண்ணினேன். எழுபத்திரண்டு. மென்பொருள் ஒட்டி முடித்தபோது திரையில் அந்த மூக்கு முழுசாக இருந்தது. அதன்மேல் வரிசை வரிசையாகக் குழிகள், துளை போட்ட மாதிரி. ஒவ்வொரு குழியிலிருந்தும் ஒரு பொன்னிற முடி. கண், நூறு சின்னக் கண்ணாடிகளை அடுக்கியது போல. இப்படி ஒன்று என் அரிசி டப்பாவுக்குள் இருந்தது எனக்கே நம்ப முடியவில்லை.

மறுநாளே ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, செவ்வாய்க்கிழமை பஸ்ஸுக்கு எடுத்துப் போனேன். அக்கா வந்திருந்தார். நான் உட்காருவதற்கு முன்பே படத்தை நீட்டினேன். அவர் கொண்டுவந்த பொருள் என்ன வேலை செய்திருக்கிறது என்று பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று மனசார நம்பினேன்.

வாங்கி, மடியில் வைத்து, ரொம்ப நேரம் பார்த்தார். பஸ் ஹென்னூர் திரும்பும்வரை பார்த்தார்.

"அழகா இருக்குடா," என்றார். திருப்பிக் கொடுத்தார். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "டாடிக்கு ஒரு விரலை எடுத்துட்டாங்க. வெள்ளிக்கிழமை," என்றார்.

நான் படத்தை உறைக்குள் போட முயன்றேன். உறை சின்னதாக இருந்தது, போகவில்லை.

"சாரிக்கா."

"நீ என்ன பண்ணுவ. அந்த விக்கிறவனைச் சொல்லணும்." கொஞ்சம் கழித்து, "கிறிஸ்துமஸுக்கு வர்ற ஷூவும் இனி சேராது. அது பழைய கால் அளவு," என்றார்.

ஷூ வந்திருந்தால் ஆணி ஏறியிருக்காது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. மார்க்கெட்டுக்கு அவர் ரப்பர் செருப்பிலேயே போயிருக்கலாம். இந்தச் சமாதானத்தை எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். சொல்லி முடித்ததும், சும்மா மாட்டிக்கொண்டு போகிற வழக்கத்தில் அவர் ஷூவை மாட்டியிருப்பார் என்றும் தோன்றும். இரண்டில் எது உண்மை என்பது எனக்குத் தெரியப்போவதில்லை. தெரிந்தது ஒன்றுதான்: எடையை நான் படித்தேன், குறைத்துச் சொன்னேன், கேட்டபோது இன்னொருவன் தலையில் போட்டேன்.

அந்த வாரம் அக்காவின் அப்பாவைப் போய்ப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை ஒரு முக்காலியில் நீட்டியிருந்தார். இளைத்திருந்தார். நான் காலைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன். அவர் காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஓடுதா?"

"ஓடுது, அங்கிள்."

"ஒரு சுத்துக்கு எவ்ளோ நகருது?"

சொன்னேன். கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். "நல்ல பீஸ். எடுத்துக்கினு வா ஒரு நாளு. ஓடுறத பாக்கணும். நான்தான் இப்ப எங்கயும் போறதில்லையே, எப்ப வேணா வா." வாசல்வரை வந்தபோது உள்ளேயிருந்து கூப்பிட்டார். "டேய் பூச்சிக்காரா, அந்த ஏமாத்துக்காரனுக்கு ஒரு தேங்க்ஸ் எழுதிடு. எடைதான் பொய், சரக்கு நெஜம்."

வழியனுப்ப வந்த அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் இன்றுவரை என்னால் தாங்க முடியாமல் இருக்கிறது.

இது நடந்து இரண்டு வாரமாகிறது. ஸ்டேஜின்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவைத்திருக்கிறேன். அக்காவிடம் பஸ்ஸில் சொல்லிவிடலாம் என்று தினமும் ஏறுகிறேன். பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று தினமும் இறங்கிவிடுகிறேன். மின்னஞ்சலில் எழுதி அழித்தேன். எழுத்தில் நான் ரொம்ப நல்லவனாகத் தெரிந்தேன். தவிர, இதைக் கேட்க வேண்டியவர் அக்கா மட்டுமில்லை. போனது அவர் அப்பாவின் விரல்.

நாளை ஞாயிறு. காலை ஆராதனை முடிந்து அவர்கள் வீட்டில் பத்தரைக்கு டிபன் சாப்பிடுவார்கள். அந்த நேரத்துக்குப் போகப் போகிறேன். ஸ்டேஜை எடுத்துப் போக மாட்டேன். எடுத்துப் போனால் அவர் அதை மடியில் வைத்துக்கொள்வார், பேச்சு அதன் பின்னாலேயே போய்விடும், நானும் சந்தோஷமாகக் கூடவே போய்விடுவேன். வெறுங்கையோடு போய், அவர் "எங்கடா மெஷின்" என்று கேட்பதற்குள் சொல்லிவிட வேண்டும். முதல் வாக்கியம் மட்டும் தயாராக இருக்கிறது. "அங்கிள், எடை எனக்கு முன்னாடியே தெரியும்." அதற்கு அடுத்தது என்ன என்று யோசித்து வைக்கவில்லை. யோசித்தால் அதையும் நல்லபடியாக ஜோடித்துவிடுவேன்.